புகைபோக்கி வைத்த நீர்மூழ்கி

வெளியூர் கிளம்பும் எந்தக் குடும்பத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். வீட்டைப் பூட்டி, பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்து, ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகு, “கேஸை மூடினோமா?” என்று கேட்பார். “அதெல்லாம் மூடியாச்சு, பேசாம வாங்க” என்று மற்றவர்கள் அலுத்துக்கொள்வார்கள். அவருக்கு மனசு ஆறாது. இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தால்தான் நிம்மதி.

நூறு ஆண்டுகளுக்கு முன்னால், ஸ்காட்லாந்தின் அமைதியான கடற்கழி ஒன்றில், இப்படி ஒருவர் போய்ப் பார்த்திருந்தால் 32 உயிர்கள் பிழைத்திருக்கும்.

அது 1917, ஜனவரி 29. முதல் உலகப் போர் உச்சத்தில் இருந்த நேரம். ஆனால் அன்று அங்கே எதிரி யாரும் இல்லை. குண்டு வீச்சு இல்லை. கடல்கூட குளம்போலத்தான் இருந்தது.

சுமார் ஒரு மைல் தொலைவில் ஓர் ஓட்டல். அங்கே வேலை செய்த ஒரு பெண், தண்ணீரின் மேல் இரண்டு மனிதர்கள் தெரிவதைப் பார்த்தாள். சுற்றிலும் படகு எதுவும் இல்லை. பார்த்ததைச் சொன்னாள். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவள் பார்த்தது உண்மை. அந்த இரண்டு பேரும் 17 மீட்டர் ஆழத்திலிருந்து மேலே வந்தவர்கள். அவர்கள் வந்த இடத்துக்கு நேர் கீழே, 103 மீட்டர் நீளமுள்ள புத்தம் புதிய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று சேற்றில் உட்கார்ந்திருந்தது. அதன் பெயர் கே-13.

வேகம் வேண்டும்!

இந்தக் கதை ஓர் ஆசையில் தொடங்குகிறது. பிரிட்டிஷ் கடற்படையின் ஆசை.

20-ம் நூற்றாண்டு பிறந்தபோது நீர்மூழ்கி என்பது கடற்படைகளுக்கு ஒரு புது பொம்மை. பிரிட்டன் தன் முதல் நீர்மூழ்கியை 1901-ல்தான் தண்ணீரில் இறக்கியது. அதுவும் அமெரிக்காவில் குடியேறிய ஐரிஷ்காரரான ஜான் ஹாலண்ட் என்பவரின் வடிவமைப்பு. கரையோரமாகச் சுற்றிவரும் சின்னக் கப்பல்கள் அவை. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அவை வளர்ந்து, நடுக்கடலுக்குப் போகும் அளவுக்குத் தேறிவிட்டன.

நீர்மூழ்கிக்கு அன்று இரண்டு வாழ்க்கை. தண்ணீருக்கு மேலே இருக்கும்போது டீசல் எஞ்சினில் ஓடும். அந்த எஞ்சினே பேட்டரிகளையும் சார்ஜ் செய்துவிடும். தண்ணீருக்குள் போனதும் எஞ்சினை நிறுத்திவிட்டு, பேட்டரியில் ஓடும் மின் மோட்டார்களை இயக்குவார்கள். காரணம் எளிமையானது. எஞ்சின் எரிவதற்குக் காற்று வேண்டும். கடலுக்கு அடியில் காற்றுக்கு எங்கே போவது?

பிரிட்டிஷ் அட்மிரல்களுக்கு வேறொரு கவலை. அவர்களுடைய பெரிய போர்க்கப்பல்கள் மணிக்கு 21 நாட், அதாவது சுமார் 39 கிலோமீட்டர் வேகத்தில் அணிவகுத்துப் போகும். அந்த அணியோடு சேர்ந்து நீர்மூழ்கிகளும் ஓட வேண்டும். எதிரிக் கப்பல்கள் தென்பட்டதும் முங்கி, சுற்றி வளைத்து, டார்பிடோவால் அடிக்க வேண்டும். காகிதத்தில் பார்த்தால் பிரமாதமான யோசனை. ஆனால் அன்றைய டீசல் எஞ்சின்களுக்கு அந்த வேகம் எட்டவில்லை. மூன்று எஞ்சின்களைப் பொருத்தி ‘ஜே’ வகை நீர்மூழ்கிகளைக் கட்டிப் பார்த்தார்கள். 19.5 நாட்டோடு நின்றுவிட்டது.

ஜெர்மனி 22 நாட் வேகத்தில் ஓடும் நீர்மூழ்கிகளைக் கட்டுகிறது என்ற தகவல் வேறு லண்டனைக் கலக்கியது. அது பொய்த் தகவல். ஆனால் போர்க்காலத்தில் வதந்திக்கு டீசலைவிட வேகம் அதிகம்.

இனி மிச்சம் இருந்தது ஒரே வழி. நீராவி!

பெரிய போர்க்கப்பல்களை ஓட்டும் அதே கொதிகலன், அதே டர்பைன். அதை நீர்மூழ்கிக்குள் வைத்துவிட்டால் என்ன?

நீர்மூழ்கிக்குள் நீராவி எஞ்சினைப் புகுத்துவதைப்போல ஆபத்தான தவறு வேறில்லை என்று கருதியவர்கள் கடற்படையிலேயே இருந்தார்கள். அவர்களில் ஒருவர் அட்மிரல் ஃபிஷர். நவீன பிரிட்டிஷ் கடற்படையை உருவாக்கியவர் என்று கொண்டாடப்படுபவர் அவர். ஆனாலும் 1915-ல் கே வகை நீர்மூழ்கிகளுக்கான உத்தரவு பிறந்தது. ஒவ்வொன்றுக்கும் செலவு சுமார் 3,40,000 பவுண்டு.

கடலுக்குள் ஒரு கொல்லுலை

கே வகை நீர்மூழ்கியைப் பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். நீளம் 103 மீட்டர். கிட்டத்தட்ட ஒரு கால்பந்து மைதானத்தின் நீளம். மேலே மிதக்கும்போது எடை சுமார் 2,000 டன். வேகம் 24 நாட். சிப்பந்திகள் 59 பேர். அந்தக் காலத்து நீர்மூழ்கிகளில் இவ்வளவு பெரியதும் இல்லை. இவ்வளவு வேகமானதும் இல்லை.

ஆனால் முதுகில் இரண்டு புகைபோக்கிகள் இருந்தன!

எண்ணெயில் எரியும் இரண்டு கொதிகலன்கள் உள்ளே கனன்றுகொண்டிருக்கும். அவற்றின் புகை வெளியேற இரண்டு புகைபோக்கிகள். அடுப்பு எரியக் காற்று வேண்டுமே? அதற்காக மேல்தளத்தில் காற்றுத் துவாரங்கள். ஒவ்வொன்றும் 94 சென்டிமீட்டர் அகலம். ஓர் ஆள் தாராளமாக உள்ளே இறங்கலாம்.

இந்தக் கப்பல் முங்க வேண்டுமென்றால் என்னென்ன செய்ய வேண்டும் என்று பாருங்கள். முதலில் கொதிகலன் அடுப்பை அணைக்க வேண்டும். புகைபோக்கிகளை மடக்கிப் படுக்க வைக்க வேண்டும். அவை இருந்த துவாரங்களை மூட வேண்டும். காற்றுத் துவாரங்களை மூட வேண்டும். டர்பைனை விடுவித்து மின் மோட்டாரை இணைக்க வேண்டும். அதன் பிறகே தண்ணீரை உள்ளே விட்டு முங்கலாம். சாதாரணமாக இதற்கு ஐந்து நிமிடம் ஆனது. எதிரிக் கப்பல் கண்ணில் பட்ட பிறகு ஐந்து நிமிடம் என்பது ஒரு யுகம்.

அடுப்பை அணைத்தாலும் சூடு அடங்காது. மூடிய இரும்புக் குழாய்க்குள் கொதிகலன் அறை வெந்துகொண்டே இருக்கும். கடல் கொந்தளித்தாலோ, அலை புகைபோக்கி வழியாக உள்ளே இறங்கி அடுப்பையே அணைத்துவிடும்.

இன்னொரு சிக்கல் நீளத்தில் இருந்தது. இந்தக் கப்பல் பாதுகாப்பாகப் போகக்கூடிய ஆழம் சுமார் 60 மீட்டர். கப்பலின் நீளமோ 103 மீட்டர். மூக்கு கொஞ்சம் அதிகமாகக் கீழே சாய்ந்தாலே போதும். வால் கடல் மட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும்போதே மூக்கு ஆபத்தான ஆழத்துக்குப் போய்விடும். மாலுமிகளுக்கிடையே இதை வைத்து ஒரு ஜோக் உண்டு. முன்பக்கம் நிற்கும் கேப்டன் பின்பக்கம் நிற்கும் துணை அதிகாரிக்கு போன் போட்டு, “என் பக்கம் முங்கிக்கொண்டிருக்கிறது. உங்கள் பக்கம் என்ன செய்கிறது?” என்று விசாரிப்பாராம்.

சிரிப்புக்காகச் சொன்னாலும் அது கிட்டத்தட்ட நடந்தே விட்டது. 1916 டிசம்பரில், இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள ஸ்டோக்ஸ் விரிகுடாவில், கே-3 நீர்மூழ்கி முங்கிக் காட்டியது. உள்ளே ஒரு முக்கிய விருந்தாளி இருந்தார். திடீரென்று கப்பல் கட்டுப்பாடு இழந்து தலைகுப்புறப் பாய்ந்தது. மூக்கு கடலடிச் சேற்றில் செருகிக்கொண்டது. வால் தண்ணீருக்கு வெளியே தூக்கிக்கொண்டு நிற்க, அதன் சுழல்விசிறிகள் காற்றில் சுற்றிக்கொண்டிருந்தன. சேற்றிலிருந்து விடுபட 20 நிமிடம் பிடித்தது.

அந்த விருந்தாளி, மன்னரின் இரண்டாவது மகன் இளவரசர் ஆல்பர்ட். பின்னாளில் ஆறாம் ஜார்ஜ் மன்னர் ஆனவர். நம் தாத்தா, பாட்டி காலத்துக் காசுகளில் முகம் பதித்திருந்தாரே, அவரேதான். 1947-ல் இந்தியா விடுதலை பெற்றபோது பிரிட்டனின் சிம்மாசனத்தில் இருந்தவர். அன்று அந்தச் சேறு விட்டுக்கொடுக்காமல் இருந்திருந்தால், காசில் வேறு முகம் இருந்திருக்கும்.

நான்கு துவாரங்கள்

அடுத்த மாதமே கே-13-ன் முறை வந்தது.

கிளாஸ்கோ நகரின் ஃபேர்ஃபீல்ட் கப்பல் கட்டும் தளத்தில் உருவான கப்பல் அது. கடற்படையிடம் ஒப்படைக்கும் முன் கடைசிச் சோதனைக்காக கேர்லாக் என்ற கடற்கழிக்கு வந்திருந்தது. அன்று கப்பலில் 80 பேர். சிப்பந்திகள் 53 பேர் போக, கப்பலைக் கட்டிய தொழிலாளர்கள், ஒப்பந்தக்காரர்கள், கடற்படை அதிகாரிகள், ஆற்றில் வழிகாட்டும் பைலட் என்று பலரும் ஏறியிருந்தார்கள்.

கேப்டன், லெப்டினன்ட் கமாண்டர் காட்ஃப்ரே ஹெர்பர்ட். அவரோடு இன்னொரு கமாண்டரும் வந்திருந்தார். பெயர் ஃபிரான்சிஸ் குட்ஹார்ட். அதே தளத்தில் கட்டப்பட்டுவந்த கே-14-க்கு அவர்தான் கேப்டன். தன் கப்பல் தயாராவதற்குள் தங்கைக் கப்பல் எப்படி முங்குகிறது என்று பார்த்துவிடலாமே என்று ஏறியிருந்தார்.

காலையில் ஒரு முறை முங்கினார்கள். குறை எதுவும் பெரிதாகத் தெரியவில்லை. பகல் மூன்று மணி வாக்கில் இரண்டாவது முறை முங்கினார்கள்.

முங்கிய சில நொடிகளிலேயே பின்பக்கம் கனத்தது. கொதிகலன் அறைக்கும் எஞ்சின் அறைக்கும் கடல் பாய்ந்து வந்துகொண்டிருந்தது. ஹெர்பர்ட் நடுவில் இருந்த நீர்புகாக் கதவுகளை மூடச் சொன்னார். தொட்டிகளில் இருந்த தண்ணீரைக் காற்றழுத்தத்தால் வெளியேற்றப் பார்த்தார்கள். அவசரத்துக்குக் கழற்றி விடும் அடிக்கட்டை எடையையும் கழற்றிவிட்டார்கள். பலனில்லை. கப்பல் போய்ச் சேற்றில் அமர்ந்தது.

கதவுக்குப் பின்பக்கம் 31 பேர். அவர்களிடமிருந்து எந்தச் சத்தமும் இல்லை. முன்பக்கம் 49 பேர். அவர்களிடம் கொஞ்சம் காற்று மட்டும் இருந்தது.

நடந்தது என்ன என்று பின்னால் விசாரணை சொன்னது. கொதிகலன் அறையின் காற்றுத் துவாரங்கள் நான்கும் திறந்தே இருந்தன. அதைவிடக் கொடுமை, எஞ்சின் அறையில் இருந்த குறிகாட்டும் கைப்பிடியும் ‘திறந்திருக்கிறது’ என்றேதான் காட்டிக்கொண்டிருந்தது. கருவி பொய் சொல்லவில்லை. யாரும் அதைப் பார்க்கவில்லை.

மேலே போனவர், போகாதவர்

மேலே கூடவே வந்திருந்த இ-50 என்ற நீர்மூழ்கி, கே-13 வெளியே வராததைக் கவனித்து ஆபத்து என்று செய்தி அனுப்பியது. நள்ளிரவு வாக்கில் முதல் உதவிக் கப்பல் வந்தது. விடிந்த பிறகு முக்குளிப்பவர்கள் இறங்கிக் கப்பலின் மேல் தட்டினார்கள். உள்ளிருந்து பதிலுக்குத் தட்டும் சத்தம் கேட்டது. மோர்ஸ் குறிகளில் இரு பக்கமும் பேசிக்கொண்டார்கள். உயிரோடு இருக்கிறார்கள்!

ஆனால் இத்தனை பெரிய நீர்மூழ்கியிலிருந்து ஆட்களைக் காப்பாற்றுவது எப்படி என்று அதுவரை யாரும் திட்டமிட்டிருக்கவில்லை. கட்டும்போது தோன்றாத யோசனைகளெல்லாம், மூழ்கிய பிறகு அவசரமாகத் தேடப்பட்டன.

உள்ளே இருந்தவர்கள் மூச்சுவிடவே சிரமப்படத் தொடங்கினார்கள். மறுநாள், ஜனவரி 30. ஒருவராவது மேலே போய், எங்கே காற்றுக் குழாயை இணைக்க வேண்டும், எந்தத் தொட்டியில் காற்றை ஏற்ற வேண்டும் என்று சொன்னால்தான் மற்றவர்கள் பிழைக்க முடியும். “நான் போகிறேன்” என்றார் குட்ஹார்ட். அது அவருடைய கப்பல் அல்ல. அவர் அங்கே வெறும் விருந்தாளி.

தகவல்களை எழுதி ஒரு தகரக் குழலில் போட்டு அவர் இடுப்பில் கட்டினார்கள். அவரும் ஹெர்பர்ட்டும் கோபுர அறைக்குள் ஏறிக் கீழ்க்கதவை மூடிக்கொண்டார்கள். தண்ணீரை உள்ளே விட்டு, அழுத்தக் காற்றையும் விட்டால், உள் அழுத்தமும் வெளி அழுத்தமும் சமமாகும்; அப்போது மேல்மூடியைத் திறக்கலாம். குட்ஹார்ட் வெளியேறியதும் ஹெர்பர்ட் மூடியை மறுபடி மூடிக்கொண்டு கீழே திரும்ப வேண்டும். இதுதான் திட்டம்.

மூடி திறந்தது. குட்ஹார்ட் வெளியே பாய்ந்தார். ஆனால் மூடிக்கு மேலே, சுக்கான் அறையின் கூரை இருந்தது. அவர் அதில் மோதி, அங்கேயே சிக்கிக்கொண்டார். பின்னாலேயே பீறிட்ட காற்று ஹெர்பர்ட்டையும் இழுத்து வெளியே தள்ளியது. அவர் எதிலும் மோதாமல் நேராக மேலே வந்து விழுந்தார்.

போக வேண்டியவர் போகவில்லை. திரும்ப வேண்டியவர் போய்ச் சேர்ந்தார். சொல்ல வேண்டிய செய்தி மட்டும் மேலே வந்துவிட்டது. குட்ஹார்ட்டின் மறைவுக்குப் பிறகு அவருக்கு ஆல்பர்ட் பதக்கம் வழங்கப்பட்டது.

ஹெர்பர்ட் கொடுத்த தகவலை வைத்துக் காற்றுக் குழாயை இணைத்தார்கள். உள்ளே இருந்த 47 பேருக்கும் மூச்சு வந்தது. முன்பக்கத் தொட்டிகளில் காற்று ஏறியதும் கப்பலின் மூக்கு மெல்ல மேலே தூக்கியது. ஜனவரி 31 நண்பகலில் அது தண்ணீருக்கு வெளியே எட்டிப் பார்த்தது. இரண்டு பக்கமும் படகுகளை நிறுத்திக் கம்பிவடத்தால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, கேஸ் கட்டரால் இரும்பை அறுத்தார்கள். அந்தத் துவாரம் வழியாக ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். கடைசி ஆள் வெளியே வந்தபோது, கப்பல் மூழ்கி 57 மணி நேரம் ஆகியிருந்தது.

மறுநாள் மாலை, தாங்கிப் பிடித்திருந்த கட்டுகளைப் பிய்த்துக்கொண்டு கப்பல் மறுபடியும் மூழ்கியது. நல்லவேளை, அப்போது உள்ளே உயிரோடு யாரும் இல்லை.

மார்ச் மாதத்தில் அதை முழுதாக வெளியே எடுத்தார்கள். பின்பக்கத்தில் 31 உடல்கள் இருக்க வேண்டும். 29 உடல்களே இருந்தன. எஞ்சின் அறையின் மூடி திறந்திருந்தது. அப்போதுதான் ஓட்டலில் வேலை செய்த அந்தப் பெண் சொன்னது நினைவுக்கு வந்தது. இரண்டு பேர் அந்த மூடி வழியாக மேலே வந்திருக்கிறார்கள். கரை வரை அவர்களால் நீந்த முடியவில்லை.

பெயர் மாறினால் போதுமா?

கே-13-ஐக் கழுவித் துடைத்து, பழுது பார்த்து, மறுபடி கடலுக்கு அனுப்பினார்கள். 13 ராசியில்லாத எண் என்பது அங்கே ஊறிய நம்பிக்கை. அதனால் பெயரை மட்டும் மாற்றினார்கள். இனி அது கே-22.

இடையில் மற்ற கே கப்பல்களின் கதையும் சரியாக இல்லை. ஒன்றில் தீப்பிடித்தது. ஒன்று தரை தட்டியது. 1917 நவம்பரில் கே-4 மோதி கே-1 ஓட்டை விழுந்து நின்றது. ஆட்களை இறக்கிவிட்டு, எதிரி கையில் சிக்காமல் இருக்கத் தாங்களே அதை மூழ்கடித்தார்கள். ஆங்கிலத்தில் பேரிடரைக் குறிக்கும் ‘கலாமிட்டி’ என்ற சொல் ‘சி’ எழுத்தில் தொடங்கும். மாலுமிகள் அதை ‘கே’ போட்டு எழுதி, இந்தக் கப்பல்களுக்குப் பட்டப்பெயராக வைத்துவிட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் சிகரம், 1918 ஜனவரி 31 இரவு. கே-13-லிருந்து கடைசி ஆள் வெளியே வந்து சரியாக ஓராண்டு.

ஸ்காட்லாந்தின் ரோசைத் துறைமுகத்திலிருந்து சுமார் 40 கப்பல்கள் ஒரு பயிற்சிக்காகப் புறப்பட்டன. பிரம்மாண்டமான போர்க்கப்பல்களுக்கு இடையே, இரண்டு குழுக்களாக ஒன்பது கே நீர்மூழ்கிகள். மொத்த வரிசையின் நீளம் ஏறக்குறைய 30 மைல். ஜெர்மன் நீர்மூழ்கிகளுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று எல்லா விளக்குகளையும் அணைத்திருந்தார்கள். ஒவ்வொரு கப்பலின் பின்னாலும் மங்கலாக ஒரே ஒரு விளக்கு. ரேடியோவில் பேசக் கூடாது. நிலா இன்னும் எழவில்லை.

மே தீவைத் தாண்டும்போது குறுக்கே சில சிறு கப்பல்களின் விளக்குகள் தெரிந்தன. அவற்றைத் தவிர்க்க நீர்மூழ்கிகள் திரும்பின. அதில் கே-14-ன் சுக்கான் இறுகிக்கொண்டது. கப்பல் வரிசையை விட்டு விலகி வட்டமடித்தது. பின்னால் வந்த ஒரு நீர்மூழ்கி இருட்டில் அதன் மேல் மோதியது.

மோதிய கப்பல் எது தெரியுமா? கே-22. பழைய கே-13!

அடிபட்ட கே-14 எது? குட்ஹார்ட் கேப்டனாக ஓட்ட வேண்டியிருந்த, அவர் பார்க்கக் கொடுத்துவைக்காத அதே கப்பல்.

அதோடு முடியவில்லை. நின்றுபோன கே-22-ஐ, பின்னால் வந்த ‘இன்ஃப்ளெக்சிபிள்’ என்ற பெரும் போர்க்கப்பல் இடித்து அதன் மூக்கை வளைத்துவிட்டுப் போனது. முன்னால் போய்விட்ட நீர்மூழ்கிகள் செய்தி கேட்டு உதவிக்குத் திரும்பின. எதிரே, விஷயம் தெரியாமல் அடுத்த குழு முழு வேகத்தில் வந்துகொண்டிருந்தது. அதை வழிநடத்திய ‘ஃபியர்லெஸ்’ என்ற கப்பல் கே-17-ல் மோதியது. சில நிமிடங்களில் கே-17 மூழ்கியது. ‘ஃபியர்லெஸ்’ நின்றதும் பின்னால் வந்தவை தடுமாறின. கே-6, கே-4-ஐக் கிட்டத்தட்ட இரண்டாகப் பிளந்தது. அதில் இருந்த 55 பேரில் ஒருவர்கூட மிஞ்சவில்லை.

கே-17-ன் ஆட்கள் பெரும்பாலானோர் உயிரோடு தண்ணீரில் குதித்திருந்தார்கள். கத்திக்கொண்டு நீந்திய அவர்கள் நடுவே, எதுவும் தெரியாமல் பின்வரிசைப் போர்க்கப்பல்களுக்குக் காவலாக வந்த நாசகாரிக் கப்பல்கள் பாய்ந்து சென்றன. 56 பேரில் தண்ணீரிலிருந்து எடுக்கப்பட்டவர்கள் ஒன்பது பேர். அவர்களில் ஒருவரும் பின்னர் இறந்துபோனார்.

75 நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிட்டது. இரண்டு நீர்மூழ்கிகள் போயின. நான்கு சேதமடைந்தன. 104 உயிர்கள் பலி. எதிரி ஒருவன்கூட அந்தப் பக்கம் வரவில்லை. இதற்கு ‘மே தீவுப் போர்’ என்று கசப்போடு பெயர் வைத்தார்கள். விவரங்களை வெளியே விடாமல் பல பத்தாண்டுகள் பூட்டியே வைத்திருந்தார்கள்.

அவர்கள் செய்த தவறு எது?

கே நீர்மூழ்கிகள் போரில் எதிரியோடு மோதியது ஒரே ஒரு முறை. 1917 ஜூனில் கே-7 ஒரு ஜெர்மன் நீர்மூழ்கியைக் குறிவைத்து டார்பிடோ விட்டது. குறி தப்பவில்லை. ஆனால் டார்பிடோ வெடிக்கவில்லை!

போர் முடிந்த பிறகும் துரத்தியது துரதிர்ஷ்டம். 1921 ஜனவரியில் ஒரு பயிற்சியின்போது முங்கிய கே-5 திரும்பி வரவே இல்லை. 57 பேர் அதோடு போனார்கள். அதே ஆண்டு ஜூனில், துறைமுகத்தில் சும்மா கட்டிப்போட்டிருந்த கே-15 மூழ்கியது. பகல் வெயிலில் விரிந்த ஹைட்ராலிக் எண்ணெய் இரவுக் குளிரில் சுருங்கியது. அழுத்தம் குறைந்து, முங்குவதற்கான வால்வுகள் தானாகத் திறந்துகொண்டன. மொத்தம் கட்டிய 18 கே நீர்மூழ்கிகளில் ஒன்றைக்கூட எதிரி மூழ்கடிக்கவில்லை. அந்த வேலையை அவையே பார்த்துக்கொண்டன.

கே-13 என்ற கே-22, 1926-ல் பழைய இரும்புக்கு விற்கப்பட்டது.

நீராவி என்ற யோசனையே முட்டாள்தனமானதா? அப்படியும் சொல்லிவிட முடியாது. 1954-ல் அமெரிக்கா ‘நாட்டிலஸ்’ என்ற முதல் அணுசக்தி நீர்மூழ்கியைத் தண்ணீரில் இறக்கியது. அதன் உள்ளேயும் ஓடியது நீராவி டர்பைன்தான். விசாகப்பட்டினத்தில் கட்டப்பட்ட நம் ‘அரிஹந்த்’தும் அப்படியே. அணு உலையின் சூட்டில் தண்ணீர் கொதிக்கிறது; நீராவி டர்பைனைச் சுற்றுகிறது. ஒரே ஒரு வித்தியாசம், அணு உலைக்குக் காற்று வேண்டாம். ஆகவே புகைபோக்கி வேண்டாம். காற்றுத் துவாரம் வேண்டாம். மூட மறப்பதற்கு அங்கே எதுவும் இல்லை.

கே நீர்மூழ்கியைக் கட்டியவர்கள் அறிவில்லாதவர்கள் அல்ல. உலகின் தலைசிறந்த கப்பல் பொறியாளர்கள் அவர்கள். கேட்ட வேகத்தைக் கொடுத்தார்கள். ஆனால் இத்தனை துவாரங்களையும், அவசரத்தில், ஒன்றுகூட விடாமல் மூடும் வேலையை மனிதர்களிடம் விட்டார்கள். மனிதர்கள் என்றாவது ஒரு நாள் மறப்பார்கள் என்பதை அவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

கே-13-லிருந்து பிழைத்தவர்களில் ஒருவர் சார்லஸ் ஃப்ரீஸ்டோன். கப்பலின் தந்திப் பிரிவில் வேலை பார்த்த இளைஞர். போருக்குப் பிறகு ஆஸ்திரேலியாவில் குடியேறி, உழைத்துச் சம்பாதித்தார். நல்ல நிலைக்கு வந்தார். ஆனால் அந்த இரும்புக் கதவுக்கு அந்தப் பக்கம் அடங்கிப்போனவர்களை அவரால் மறக்க முடியவில்லை. சிட்னி நகரின் கார்லிங்ஃபோர்டு பகுதியில் தன் சொந்தப் பணத்தில் ஒரு நினைவுச் சின்னம் எழுப்பினார். 1961 செப்டம்பரில் அது திறக்கப்பட்டது. நீர் நிரம்பிய தடாகத்துக்கு நடுவே பெரிய எழுத்தில் ‘கே-13’ என்று நிற்கிறது.

கப்பலுக்கு மாற்றிக் கொடுத்த பெயரை அவர் ஏற்கவில்லை. 44 ஆண்டுகள் கழித்தும் அவருக்கு அது கே-13தான்.

அடுத்த முறை வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பும்போது, “கேஸை மூடினோமா?” என்று யாராவது கேட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள். வண்டியை ஒரு நிமிடம் நிறுத்துங்கள். அவர் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.

அடுத்த வாரம்: வயிற்றுக்குள் விமானத்தைச் சுமந்துகொண்டு முங்கிய நீர்மூழ்கி!